ஆடிக் காற்றில் சுற்றும் ராட்சத ராட்டினம்: ஒரு போல்ட்டில் தொங்கும் உயிர்!

தூத்துக்குடி கடற்கரைக்கு ஆண்டுதோறும் ஜூலை மாதம் பாதி கழிந்ததும் லாரி லாரியாக இரும்பு வந்து இறங்கும். துறைமுகத்துக்கு வந்த சரக்கு அல்ல. பனிமய மாதா கோவில் திருவிழாவுக்கு வரும் ராட்டினங்கள்!

ஜூலை 26-ந் தேதி கொடி ஏறும். ஆகஸ்டு 5-ந் தேதி பெருவிழா. அன்று உள்ளூர் விடுமுறை. மணப்பாடு, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம் என்று கடலோர ஊர்களில் இருந்தெல்லாம் கூட்டம் வந்து குவியும். கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதற்கென்றே லீவு போட்டுக்கொண்டு வருவார்கள். கோவில் கட்டியது 1713-ம் ஆண்டு. தங்கத்தேர் முதன்முதலாக ஓடியது 1806-ம் ஆண்டு. தங்கத்தேர் எல்லா வருஷமும் ஓடாது. 2013-ல் ஓடியது, பிறகு 2023-ல் ஓடியது. ஆனால் ராட்டினம் மட்டும் திருவிழா தவறாமல் வந்துவிடும்.

பீச் ரோடு பக்கம் ராத்திரி 8 மணிக்கு நடக்க முடியாது. டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, பஞ்சு மிட்டாய் ஒரு பக்கம். வளையல் கடை, பாத்திரக்கடை ஒரு பக்கம். நடுவே விளக்குகள் ஜொலிக்க ராட்சத ராட்டினம், கொலம்பஸ் கப்பல், டோரா டோரா, பிரேக் டான்ஸ், டிராகன் ரெயில். பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கும். "ஒரே ஒரு தடவைப்பா!" என்று கெஞ்சும். ஒரு குடும்பம் நாலு ராட்டினம் ஏறி இறங்கினால் அப்பாவின் ஒரு நாள் கூலி காலி.

காசு போனால் போகட்டும், சம்பாதித்துக்கொள்ளலாம். மேலே ஏறியவர்கள் பத்திரமாகக் கீழே இறங்க வேண்டுமே?

அது யார் கையில் இருக்கிறது? இது பற்றிய விவரம் வருமாறு:-

சிகாகோவில் பிறந்த பூதம்

ராட்டினம் நம் ஊருக்குப் புதிது இல்லை. நாலு தொட்டிலைக் கட்டி, கையால் தள்ளிச் சுற்றும் மர ராட்டினம் எல்லா ஊர்க் கொடையிலும் உண்டு. மேல் நாட்டார் குறிப்பிலும் பழைய சேதி இருக்கிறது. பீட்டர் மண்டி என்ற இங்கிலாந்துப் பயணி 1620-ம் ஆண்டு துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்த ஒரு பல்கேரிய ஊரில் இது மாதிரி ராட்டினத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் 'ராட்சத' என்ற பட்டம் கிடைத்தது 1893-ம் ஆண்டுதான்.

அமெரிக்காவில் சிகாகோ நகரில் அந்த வருஷம் உலகப் பொருட்காட்சி நடந்தது. அதற்கு 4 ஆண்டு முன்னால்தான் பாரீசில் ஈபிள் கோபுரத்தைக் கட்டி பிரெஞ்சுக்காரர்கள் மார்தட்டியிருந்தார்கள். அதைத் தூக்கி அடிக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று அமெரிக்கர்கள் துடித்தார்கள். ஜார்ஜ் பெர்ரிஸ் என்ற பாலம் கட்டும் என்ஜினீயர் ஒரு படம் போட்டுக் காட்டினார். "பைத்தியக்காரத்தனம்" என்று முதலில் சிரித்தவர்கள் பிறகு சம்மதித்தார்கள்.

264 அடி உயரம். 36 பெட்டிகள். ஒரு பெட்டியில் 60 பேர். ஒரே நேரத்தில் 2 ஆயிரத்து 160 பேர் ஆகாயத்தில்! நடு அச்சு மட்டும் 40 டன். நீராவி என்ஜின் வைத்துச் சுற்றினார்கள். இரண்டு சுற்றுக்கு 50 சென்ட் கட்டணம். அந்தக் காலத்தில் அது சின்னக் காசு இல்லை. ஆனாலும் 14 லட்சம் பேருக்கு மேல் ஏறினார்கள். பொருட்காட்சி நடக்கும்போது ஒரு பெரும் புயல் அடித்தது. ராட்டினம் அசையவில்லை.

பெர்ரிசுக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. பணத் தகராறு, வழக்கு என்று அலைந்தார். 1896-ல் டைபாய்டு காய்ச்சலில் செத்துப் போனார். வயது 37. அவருடைய ராட்டினத்தை 1906-ல் டைனமைட் வைத்துத் தகர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் இங்கிலீஷில் ராட்டினத்துக்கு அவர் பெயர்தான்.

அதன் தம்பி ஒன்று மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1897-ல் நிறுத்திய ராட்டினம். இரண்டாம் உலகப் போரில், 1944-ல், தீப்பிடித்து எரிந்தது. போர் முடிந்ததும் மறுபடி கட்டினார்கள். முன்பு 30 பெட்டி இருந்தது. பளு தாங்குமோ என்று பயந்து 15 பெட்டிதான் மாட்டினார்கள். பயந்தது நல்லதாகப் போயிற்று. இன்னும் சுற்றுகிறது!

அதன் பிறகு வந்த லண்டன் ராட்டினம் 135 மீட்டர் (2000-ம் ஆண்டு). சிங்கப்பூர் 165 மீட்டர் (2008). துபாயில் 2021-ல் திறந்தது 250 மீட்டர். தூத்துக்குடிக்கு வருவதைப் போல பத்துப் பதினைந்து மடங்கு! அவ்வளவு பணம் கொட்டிக் கட்டிய துபாய் ராட்டினமும் சில மாதத்திலேயே நின்றுவிட்டது. 2024-ம் ஆண்டு கடைசியில்தான் மறுபடி ஓட ஆரம்பித்தது.

கழுத்தை ஒடித்த வளையம்

ரோலர் கோஸ்டர் கதை வேறு. ரஷ்யாவில் பனிக்காலத்தில் மரச் சரிவு கட்டி, தண்ணீர் ஊற்றி உறைய வைத்துச் சறுக்குவார்கள். அதில் இருந்து வந்ததுதான் இது. 1884-ல் நியூயார்க் அருகே கோனி ஐலண்டு என்ற கடற்கரையில் தாம்சன் என்பவர் ரெயில் போல ஓடவிட்டார். வேகம் மணிக்கு 6 மைல்! நம் ஊர் மாட்டு வண்டியை விரட்டினால் முந்திவிடும். அதற்கே ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

அதே கடற்கரையில் 1895-ல் இன்னொருவர் தலைகீழாகச் சுற்றும் வளையம் கட்டினார். வளையத்தைச் சரியான வட்டமாகப் போட்டுவிட்டார். வட்டத்துக்குள் வண்டி நுழைந்ததும் ஒரே அடியாக அழுத்தம் விழுந்தது. ஏறியவர்களுக்குக் கழுத்துச் சுளுக்கு, முதுகுவலி. ஏறுவதற்கு வந்த கூட்டத்தை விட வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அதிகம்! 1976-ல் கலிபோர்னியாவில் முட்டையைத் தலைகீழாக நிறுத்திய மாதிரி வளையத்தை வளைத்த பிறகுதான் தலைகீழ் சவாரி நல்லபடி நிலைத்தது. வளைவு ஒரு சாண் தப்பினாலும் எலும்பு பேசும்.

அமெரிக்காவில் நியூஜெர்சியில் 139 மீட்டர் உயரத்துக்கு ஏறிய ஒரு ரோலர் கோஸ்டர் 2005-ல் திறந்தது. உலகிலேயே உயரம் என்று பெயர் வாங்கியது. 2025-ம் ஆண்டு பிப்ரவரியில் வெடி வைத்துச் சாய்த்துவிட்டார்கள். இந்தத் தொழிலில் உயரத்துக்கு ஆயுசு குறைவுதான்.

நம் நாட்டில் டெல்லியில் அப்பு கர் 1984-ல் வந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டியின் யானைக்குட்டி பெயர். 2008-ல் மூடினார்கள். பம்பாயில் 1989-ல் எஸ்ஸெல் வேர்ல்டு. சென்னைக்காரர்களுக்கு கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லா. தூத்துக்குடி பிள்ளைகளுக்கு? ரோச் பூங்காவும், முத்துநகர் கடற்கரையும், திருவிழா ராட்டினமும்தான். அதனால்தான் அந்தப் பத்து நாளுக்கு இவ்வளவு மவுசு.

கயிறு பிடித்த மச்சான்

முத்துக்குளித்துறையில் பிறந்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஆபத்தான இடத்துக்கு இறங்குகிறவன் கயிற்றை யார் கையில் கொடுப்பது என்று யோசித்துத்தான் கொடுப்பான்.

முத்துக் குளிக்கிறவன் கல்லில் கால் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கடலுக்குள் இறங்குவான். அடியில் இருக்கக்கூடியது ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றேகால் நிமிஷம். சிப்பியைக் கூடையில் அள்ளிப் போட்டுக் கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஆள் காலி. அந்தக் கயிற்றை மனைவியின் தம்பியிடமோ அண்ணனிடமோதான் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வது வழக்கம். தன் அக்காளோ தங்கச்சியோ தாலி அறுக்க எந்த மச்சான் சம்மதிப்பான்?

ராட்சத ராட்டினத்தில் ஏறுகிறவர் யார் கையில் கயிற்றைக் கொடுக்கிறார்? கீழே லீவரைப் பிடித்து நிற்கும் பையன் யார்? எந்த ஊர்? எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை? யாருக்கும் தெரியாது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்ததும் பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறோம்.

இதிலே ஒரு வேடிக்கை. நம் ஆட்கள் வயிற்றுக்காக மூச்சைப் பிடித்துச் செய்த இந்த முத்துக்குளிப்பை வெளிநாட்டில் டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள்! ஜப்பானில் டோபா என்ற ஊரில் மிகிமோட்டோ முத்துத் தீவு இருக்கிறது. வெள்ளை உடை உடுத்திய பெண்கள் கடலில் குதித்துச் சிப்பி எடுப்பார்கள். சுற்றிலும் உட்கார்ந்து ஜனம் பார்க்கும். அமெரிக்காவில் சான்டியாகோ கடல் பூங்காவிலும் 1964-ல் ஜப்பான் பெண்களைக் கொண்டு வந்து முத்தெடுக்க வைத்தார்கள். மிகிமோட்டோ முதன்முதலாக வளர்ப்பு முத்து எடுத்ததும் 1893-ம் ஆண்டுதான். சிகாகோ ராட்டினம் சுற்றிய அதே வருஷம்.

தூத்துக்குடியில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ம் ஆண்டோடு சரி. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் அழகர்சாமி 1973-ல் இங்கேயே வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார். ஊருக்கு முத்துநகர் என்ற பேரும், எக்ஸ்பிரஸ் ரெயிலுக்கு அதே பேரும் மிச்சம்.

அந்தக் காலத்து முத்துக்குளிப்பே ஒரு திருவிழாதான். இலங்கையில் மரிச்சுக்கட்டி என்ற வெறும் மணல் காட்டில் 1905-ல் முத்துக்குளிப்பு நடந்தபோது ஓலைக் கொட்டகையிலேயே ஒரு நகரம் முளைத்தது. வியாபாரிகள், வித்தைக்காரர்கள், சாப்பாட்டுக் கடைக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கில் கூடினார்கள். சுறாமீனின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்று ஆள் உண்டு. அவருக்கும் பங்கு உண்டு. சீசன் முடிந்ததும் எல்லாம் மணலோடு மணல். ராட்டினக்காரர்கள் பிழைப்பும் ஏறக்குறைய இதுதான்.

கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள்

திருவிழாவில் அதிக நெஞ்சுப் படபடப்பு எதற்கு என்றால் மரணக் கிணற்றுக்குத்தான். பலகையால் கட்டிய பெரிய பீப்பாய். அதன் சுவரில் மோட்டார் சைக்கிள் படுத்தபடி ஓடும். சில இடங்களில் மாருதி காரையும் ஏற்றிவிடுவார்கள். மேலே விளிம்பில் நின்று பார்ப்பவர்கள் பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டை நீட்டுவார்கள். ஓட்டுகிறவர் இரண்டு கையையும் விட்டு, அதைப் பிடுங்கிக்கொண்டு பறப்பார். பலகை தடதடவென்று ஆடும். பெண்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

மந்திரம் இல்லை. வேகம்தான். சுற்றும் வேகம் வண்டியைச் சுவரோடு சேர்த்து அமுக்குகிறது. அந்த அமுக்கல் இருக்கும் வரைக்கும் டயர் பலகையைக் கவ்வும். சுமார் 10 மீட்டர் அகலக் கிணற்றில் மணிக்கு 30, 35 கிலோமீட்டருக்குக் கீழே வேகம் இறங்கினால் வழுக்கல்தான். என்ஜின் ஒரு விநாடி அடைத்தாலும், செயின் அறுந்தாலும், பலகையில் எண்ணெய் சிந்தியிருந்தாலும் ஆள் தரையில். ஹெல்மெட் போட்டு ஓட்டுபவரைப் பார்ப்பது அபூர்வம். ஒரு நாளைக்கு இத்தனை ஆட்டம் என்று கணக்கு. கூட்டம் அதிகமாக இருந்தால் அதற்கு மேலும்.

1911 வாக்கில் அமெரிக்காவின் அதே கோனி ஐலண்டில் தொடங்கிய வித்தை இது. மேல் நாட்டில் கிட்டத்தட்ட அருகிவிட்டது. இந்தியாவில் இன்னும் திருவிழாவுக்குத் திருவிழா ஓடுகிறது.

எப்படி விழுகிறது?

ராட்சத ராட்டினத்தின் உடம்பை உற்றுப் பார்த்தால் விஷயம் புரியும். இரண்டு பக்கமும் இரும்புக் கால். நடுவே அச்சு. அச்சில் இருந்து ஆரம் ஆரமாகக் குழாய்கள். ஒவ்வொன்றையும் பின் அடித்து, போல்ட் போட்டு மாட்டுவார்கள். பெட்டி ஒவ்வொன்றும் ஒரு கம்பியில் தொங்கும். அந்தக் கம்பி நழுவாமல் இருக்க இரண்டு முனையிலும் பூட்டு ஊசி. பத்து நாள் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி, சாக்கில் கட்டி, லாரியில் ஏற்றி, அடுத்த ஊரில் மறுபடி மாட்ட வேண்டும். நிரந்தரப் பூங்காவுக்கும் திருவிழா ராட்டினத்துக்கும் வித்தியாசம் இங்கேதான். அங்கே மாட்டுவது ஒரு தடவை. இங்கே வருஷத்துக்குப் பல தடவை.

கூட்டம் ஏற்றுவதிலும் வித்தை இருக்கிறது. ஒரு பக்கமே ஆளை நிரப்பினால் சக்கரம் அந்தப் பக்கம் இழுத்துவிடும். எதிர் எதிர்ப் பெட்டியாகப் பார்த்து ஏற்ற வேண்டும். அனுபவசாலி ஆபரேட்டர் ஆள் எடையைக் கண்ணாலேயே போடுவார். புதுப் பையனாக இருந்தால் பிரேக்கைப் போட்டு மல்லுக்கட்டுவான்.

2018-ம் ஆண்டு மே மாதம் ஆந்திராவில் அனந்தபூரில் பொருட்காட்சி ராட்டினத்தின் பெட்டி கழன்று விழுந்தது. 10 வயதுச் சிறுமி பலியானாள். பலருக்குக் காயம். போல்ட் ஆடுகிறது என்று அங்கே நின்றவர்கள் முன்கூட்டியே சொன்னதாகவும், ஆபரேட்டர் காதில் வாங்கவில்லை என்றும் அப்போது செய்தி வந்தது.

2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊஞ்சல் மாதிரி ஆடும் ராட்டினத்தின் முக்கியத் தண்டே ஒடிந்தது. ஆட்களோடு தரையில் மோதியது. இருவர் பலி. அதற்கு ஒரு மாதம் முன்பு சென்னைப் புறநகரில் ஒரு பூங்காவில் மேலிருந்து கீழே விழும் ராட்டினத்தின் கம்பி வடம் அறுந்தது. கீழே நெருங்கிய நேரம் என்பதால் பெரிய ஆபத்து இல்லை. 2022 செப்டம்பரில் பஞ்சாபில் மொகாலியில் இதே மாதிரி ராட்டினம் 'தொப்' என்று விழுந்து பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2025 மே மாதம் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராட்டினம் நடு வானத்தில் நின்றது. பெண்கள், பிள்ளைகள் மணிக்கணக்கில் அந்தரத்தில் தவித்தார்கள். தீயணைப்பு வீரர்கள் ராட்சத ஏணி வண்டி கொண்டு வந்து ஒவ்வொருவராக இறக்கினார்கள்.

இன்னொன்றைப் பெண்கள் கவனிக்க வேண்டும். 2024 ஜனவரியில் கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் திருவிழாவில் ராட்டினம் ஏறிய ஒரு சிறுமியின் அவிழ்ந்த கூந்தல் சுழலும் கம்பியில் மாட்டிக்கொண்டது. தலைத் தோலே உரிந்து வந்துவிட்டது. கொண்டை போட்டோ, சடை பின்னி முந்தானைக்குள் செருகியோ ஏற வேண்டும். துப்பட்டாவையும் முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

உப்பும் காற்றும்

தூத்துக்குடிக்கு என்று தனியாக இரண்டு எதிரிகள் உண்டு.

ஒன்று உப்பு. குஜராத்துக்கு அடுத்தபடி அதிகமாக உப்பு விளைவது இங்கே. கடல் காற்றிலேயே உப்பு இருக்கிறது. வீட்டு ஜன்னல் கம்பி, சைக்கிள் ரிம், தையல் மெஷின் எதையும் விடாது. சாக்கில் கிடக்கும் போல்ட்டை விடுமா? மேலே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே மரை தின்றுபோயிருக்கும். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் தெரியாது.

இரண்டாவது காற்று. திருவிழா நடப்பது ஆடி மாதம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று நெல்லை, தூத்துக்குடிச் சீமையைச் சுழற்றி அடிக்கும். மீனவர்கள் கச்சான் என்பார்கள். காற்றாலை முதலாளிகளுக்கும் உப்பளத்துக்கும் அது சந்தோஷம். 50, 60 அடி உயரத்தில், மணலில் மரக்கட்டை அண்டை கொடுத்து நிறுத்திய ராட்டினத்துக்கு அப்படி இல்லை. காற்று அதிகமானால் நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. ஆனால் கூட்டம் வருவதும் அதே நேரத்தில்தானே! ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வசூலை விட்டுவிட்டு ராட்டினத்தை நிறுத்த மனசு வருமா?

சீட்டு இருக்கிறதா?

ராட்டினம் போட நினைத்த இடத்தில் போட முடியாது. போலீஸ் அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று, பொதுப்பணித் துறை என்ஜினீயரின் உறுதிச் சான்று, மின்சாரத்துக்குத் தனிச் சான்று எல்லாம் வேண்டும். ராட்டினங்களைத் தயாரிப்பது, நிறுவுவது, ஓட்டுவது பற்றி இந்தியத் தர நிர்ணய அமைவனமே ஐ.எஸ். 15475 என்று தனி விதி போட்டிருக்கிறது. காகிதத்தில் குறை இல்லை. தொடக்க நாள் அன்று சோதனை போடும் அதிகாரி எட்டாம் நாள் ராத்திரி 11 மணிக்கு வந்து போல்ட்டைத் தொட்டுப் பார்ப்பாரா என்பதுதான் கேள்வி.

குஜராத்தில் ராஜ்கோட்டில் 2024 மே மாதம் ஒரு விளையாட்டு அரங்கில் தீப்பிடித்துக் குழந்தைகள் உள்பட 27 பேர் கருகினார்கள். அரசு கண்ணைத் திறந்தது. ராட்டினங்களுக்கும் புது விதி போட்டார்கள். கான்கிரீட் அடித்தளம் வேண்டும், இரும்பைச் சோதித்த சான்று வேண்டும் என்றார்கள். ஜன்மாஷ்டமித் திருவிழாவுக்கு வந்த ராட்டினக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அஞ்சு நாள் திருவிழாவுக்குக் கான்கிரீட்டா? பிழைப்பதா, வேண்டாமா? என்று கேட்டார்கள். பெரிய இழுபறி நடந்தது.

அவர்கள் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சித்திரையில் மதுரை, ஆனியில் நெல்லை, ஆடியில் தூத்துக்குடி, ஆவணியில் வேளாங்கண்ணி, புரட்டாசியில் குலசை தசரா என்று ஊர் ஊராகப் போகும் தொழில் இது. இடத்துக்கு ஏலம், லாரி வாடகை, டீசல், ஆள் கூலி எல்லாம் போய்த்தான் மிச்சம். மழை பெய்தால் அதுவும் இல்லை. 2020-ல் கொரோனா வந்தபோது பனிமய மாதா திருவிழாவே பக்தர் கூட்டம் இல்லாமல் நடந்தது. ராட்டினம் சுற்றுகிறவர்கள் அந்த வருஷம் இரும்பைத் துருப்பிடிக்க விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போனார்கள். மேலே ஏறிப் பின் அடிக்கும் பையன்களுக்குக் கயிறும் இல்லை, இன்சூரன்சும் இல்லை. குரங்கு மாதிரித் தாவித் தாவி மாட்டுவார்கள். ஏறுகிற நம்மைப் பற்றிக் கவலைப்படும்போது அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏறப் போகிறவர்கள் ஒரு சுற்று சும்மா நின்று பார்க்கலாம். பெட்டிக் கதவுக்குக் கொக்கி போடுகிறார்களா, வெறும் கயிறு கட்டுகிறார்களா? சுற்றும்போது 'கிறீச்' சத்தமா, 'டக் டக்' சத்தமா? கிறீச் என்றால் எண்ணெய் போதவில்லை. டக் டக் என்றால் ஏதோ ஆடுகிறது. ஆபரேட்டர் செல்போனில் பேசிக்கொண்டே லீவரை இழுக்கிறாரா? அனுமதிச் சான்றை ஒட்டியிருக்கிறார்களா? சந்தேகம் வந்தால் பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரரிடம் சொல்லலாம். திருவிழாவுக்கென்று தற்காலிகப் போலீஸ் கூடாரம் போட்டிருப்பார்கள். சிறு பிள்ளைகளைப் பெரிய ராட்டினத்தில் தனியாக ஏற்றக் கூடாது. குடித்துவிட்டு வருகிறவர்களை ஏற்றவே கூடாது. பெட்டியை ஆட்டி வீரம் காட்டும் வாலிபர்களை அடுத்த சுற்றில் இறக்கிவிட ஆபரேட்டருக்கு முழு உரிமை உண்டு.

ஆகஸ்டு 5-ந் தேதி ராத்திரி சப்பரம் ஊர்வலம் முடிந்ததும் கூட்டம் கரையத் தொடங்கும். அதற்குப் பிறகு மேல் பெட்டியில் இருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். போல்ட்டுகளை எண்ணிச் சாக்கில் போடுவார்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29-ந் தேதி கொடியேற்றம்.